முதலியார் வீட்டு நீல மலை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் தாண்டவராய முதலியார், அவர் தங்கை சிவகாமு, மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சவரிராயன், கப்பலில் வந்த வெள்ளைக்கார ஓவியன். நாற்காலியில் முதுகு சாயாமல் முதலியார் உட்கார்ந்திருக்க, ஓவியன் வரைந்து முடித்தான். படத்தில் அவருக்குப் பின்னால் ஒரு நீல மலை பனியில் மிதந்தது. அந்த ஊரிலோ கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் கடலும்தான்.

“ஏதுப்பா மலை?” என்று முதலியார் துபாஷியைக் கேட்டார்.

“நம்ம தமிழ் ஜனத்துக்கு அவங்க பாஷையில மலபார்னு பேருங்க ஐயா. மேற்குக் கரையில இறங்கின போர்த்துகீசியர் அந்த மலைநாட்டுப் பேரை நமக்கும் வச்சுட்டாங்க. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. மலபார்னா மலை இருக்கும்னு இவரும் வரைஞ்சுட்டார்” என்றான் சவரிராயன்.

“சும்மா கிடைச்ச மலை, வேண்டாம்னு சொல்லுவாங்களா அண்ணா?” என்றாள் சிவகாமு.

முதலியார் சிரிக்கவில்லை. படம் கடல் கடந்து போகும். அவர் குலத்துக்கு அங்கே அதுதான் முகம். மலையிலிருந்து குளிர்ந்த காற்று வந்து அவர் பிடரியைத் தொட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழகாத்தான் இருக்கு, இருக்கட்டும். அடுத்தவன் மலைக்கு முன்னால நான் உட்கார மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு” என்றார் துபாஷியிடம்.

முதலியார் மலையை அழிக்கச் செய்தார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். படத்தில் மலை அப்படியேதான் இருக்கிறது. நாற்காலியில்தான் யாருமில்லை.