எல்லையில் விழுந்தது
கிராக்கோவ் ஆய்வுக்கூடத்தில் மாலை ஐந்தரை மணி வெளிச்சம் சாம்பலாகச் சாய்கிறது. யோவித்தா, நுண்ணிய கட்டங்களால் ஆன புது எக்ஸ் கதிர் உணரியின் மேல் ஊசிமுனைக் கதிரை இம்மி இம்மியாக நகர்த்துகிறாள். கட்டத்தின் நடுவில் விழுந்தால் திரையில் எண் எகிறுகிறது. இரண்டு கட்டங்களின் எல்லைக்கு வந்ததும் பூஜ்யமாகிவிடுகிறது. "இன்னும் காணாமப் போகுதா?" எதிர் மேஜையிலிருந்து செசாரி நிமிராமல் கேட்கிறான். போன இலையுதிர்காலம் வரை அவள் கணவன். "போகுது. பாதி இதுக்கு, பாதி அதுக்கு. பாதிதானேன்னு ரெண்டுமே எண்ண மாட்டேங்குது." "பக்கத்துக் கட்டத்தை வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?" "நீ வரைஞ்ச கட்டம். உன்ன மாதிரிதானே இருக்கும்." அவன் சிரிக்கவில்லை. குளிரூட்டும் விசிறி முனகுகிறது. ஆறிப்போன தேநீரில் எலுமிச்சைத் துண்டு அசையாமல் கிடக்கிறது. அவள் கைபேசி அதிர்கிறது. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் உரத்த குரல் இருவருக்கும் கேட்கிறது. "யோவித்தா மேடம், அஞ்சு மணிக்கே பூட்டியிருக்கணும். உங்க பொண்ணு ஹனியா மட்டும் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னைக்கு அம்மா முறையா, அப்பா முறையான்னு கேட்டேன். 'ஒருத்தர் போயிருப்பாங்கன்னு இன்னொருத்தர் நெனச்சிருப்பாங்க'ங்கறா."