சலவை அறைச் சீட்டு

அன்றைக்கும் சீட்டு இருந்தது. மூன்றாம் நம்பர் வாஷிங் மெஷினின் மூடியில், நீல டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஸ்டென் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கைரேகை அழியாமல் அதை உரித்தெடுத்தார்.

'அவசியம் பாருங்கள்' என்று அச்சடித்த எழுத்து, கீழே ஒரு கியூஆர் கோடு. போன வியாழன் வந்தது, ஒரு நாட்டில் பத்திரிகைகளின் வாயை எப்படி ஒவ்வொன்றாக அடைத்தார்கள் என்ற வீடியோ. அதற்கு முந்தைய வியாழன், நாடுகளின் எல்லைக்கோட்டை யார் வரைந்தார்கள் என்று. இன்றைக்கு என்னடா என்றால் பறவை.

"பறவையாம்! யாரை ஏமாத்தப் பாக்குறான்?" என்று முணுமுணுத்தார் ஸ்டென். ஆனாலும் துணி துவைத்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, கையில் நோட்டும் பேனாவுமாக முழு வீடியோவையும் பார்த்தார்.

ஸ்வீடனின் ஓரெப்ரூ நகரில், அந்த நாற்பது வீட்டுக் கட்டடத்தின் சங்கத் தலைவர் அவர். சலவை அறை எல்லோருக்கும் பொது. யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் பலகை உண்டு. உலர்த்தும் மெஷினில் பஞ்சு எடுக்காமல் போனவர்களைத் திட்டி அவரே நூறு சீட்டாவது ஒட்டியிருப்பார். அவருக்கே ஒருவன் சீட்டு ஒட்டுவதா? அதுவும் அவர் முறையன்று மட்டும்!

பல்வலி வந்தபோது ஒரு தடவை வியாழனைச் செவ்வாயாக மாற்றிக்கொண்டார். சீட்டும் டாண் என்று செவ்வாயே வந்துவிட்டது. எவனோ பலகையைப் பார்த்து வேவு பார்க்கிறான் என்று அன்றே முடிவுகட்டினார்.

எவனோ என்ன, மூன்றாம் மாடி லூட்விக்தான். உள்வாடகைக்கு வந்தவன், யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவன். அவன் வீட்டில் பிரிண்டர் வேறு இருக்கிறது. கதவு திறந்திருந்தபோது ஸ்டென் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

துணிக்கூடையோடு படியேறும்போது அவனே எதிரே வந்தான்.

"என்ன லூட்விக், பறவைன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

"எனக்கா? என் பொண்ணுக்குத்தான் உசுரு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா," என்றார் ஸ்டென். மாட்டிக்கொண்டான் பயல் என்று மனசுக்குள் குதித்தார்.

வியாழக்கிழமை என்பதால், அந்த நாட்டு வழக்கப்படி வீட்டில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். மனைவி குன்வோர் கடுகு விழுதை அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னைக்கும் சீட்டு வந்துச்சா?"

"வராம இருக்குமா? இந்தத் தடவை ஏதோ பறவை. நாப்பது நிமிஷம் ஓடுது."

"பறந்துக்கிட்டே தூங்குமே, அதுவா?"

"அதேதான்! பாதி மூளை தூங்குமாம், பாதி முழிச்சிருக்குமாம். ஜனங்க எல்லாம் பாதித் தூக்கத்துல இருக்கோம்னு குத்திக் காட்டுறான். இது சுத்தமான மூளைச்சலவை!"

"சலவை அறையில வேற என்ன நடக்கும்?" என்று சிரித்தாள் குன்வோர். "சரி, அது கீழ இறங்காம எத்தனை நாள் பறக்கும்?"

அவ்வளவுதான், ஸ்டென் நோட்டைப் புரட்டி ஆரம்பித்துவிட்டார். சூப் ஆறியது, பான்கேக் ஆறியது, அவர் ஆறவில்லை. பிள்ளைகள் தனித்தனியே போன பிறகு ஸ்பூன் சத்தம் மட்டுமே கேட்டுவந்த மேஜை அது. இந்த இரண்டு மாதமாகத்தான், லூட்விக்கைத் திட்டுகிற சாக்கில், அவர் அங்கே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னையோட இவன் ஆட்டத்த முடிக்கிறேன்," என்று ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். இன்னும் ஓராண்டு தங்க அனுமதி கேட்டு லூட்விக் கொடுத்திருந்த மனு. தலைவர் கூடாது என்று எழுதிவிட்டால், மாதக் கடைசியில் அவன் மூட்டை கட்டவேண்டியதுதான்.

குன்வோரின் சிரிப்பு நின்றுபோனது. "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவன் பொண்ணு வந்து தங்குது, ஸ்டென். அதோட பள்ளிக்கூடம் எதிர்லதான் இருக்கு. இங்கேருந்து துரத்தினா எங்க போவான்?"

"அதை சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"அவன்தான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"பறவைன்னு கேட்டதும் முழிச்சான் பாரு, திருட்டு முழி! அது ஒண்ணு போதும்."

பேனாவின் மூடியைக் கழற்றினார். முனை காகிதத்தைத் தொடுவதற்குள் குன்வோர் மனுவின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"எழுதாதே. பாவம், அவன் இல்லை."

"பின்ன யாரு? தெரிஞ்சா பேரைச் சொல்லேன்!"

அவள் எழுந்துபோய்த் தன் பின்னல் பையை எடுத்துவந்தாள். உள்ளேயிருந்து நீல டேப் சுருளையும், அடுத்த வியாழனுக்கான சீட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

ஸ்டென் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன் குன்வோர்? வீட்டுலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஆறு வருஷமா இதைப் பாரு, அதைப் பாருன்னு சொன்னேனே, ஒண்ணையாவது பாத்தியா?"