எல்லாம் தளத்தில் இருக்கிறது

ஒரு பெருச்சாளி கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் ஒன்றைச் சொந்தமாகச் செய்து, அதற்கென இணையதளமும் கட்டி, காட்டில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வந்தது. தளத்தையும் தன் வளையைப் போலவே கட்டியிருந்தது. எங்கே நுழைந்தாலும் நாலு வழி பிரியும். அதில் அதற்குக் கொள்ளைப் பெருமை.

ஒருநாள் பாட்டு டீச்சர் தவளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தது. "அண்ணே, உங்க லினக்ஸைப் போட்டதிலிருந்து இதுல சத்தமே வரலை. அஞ்சு மணிக்கு எனக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கு."

"எல்லாம் தளத்துல இருக்கு டீச்சர். யாரு படிக்கிறீங்க?" என்று பெருச்சாளி சலித்துக்கொண்டது.

"ரெண்டு நாளா தேடுறேன். பதிவிறக்குற பொத்தான்தான் கண்ணுல படுது. உதவி எங்கே இருக்குன்னு நீங்களே காட்டுங்க."

இதென்ன பிரமாதம் என்று பெருச்சாளி உட்கார்ந்தது. கையேட்டைத் திறந்தால் அது மூன்று பதிப்புக்கு முந்தையது. பயனர் மன்றத்துக்குப் போனால் கடவுச்சொல் கேட்டது, அது மறந்துபோயிருந்தது. விக்கி என்ற விளக்கப் பக்கத்துக்குத் தாவினால் அது திரும்ப முகப்புக்கே கொண்டுவந்து விட்டது. மணி நாலே முக்கால் ஆனது. பெருச்சாளிக்கு மீசை வியர்த்தது.

கடைசியில் ஒரு மூலையில் 'சத்தம் வரவில்லையா?' என்று ஒரு பக்கம் அகப்பட்டது.

"பார்த்தீங்களா, நான் சொல்லலை?" என்று நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்க வாசித்தது.

"சத்தம் வராதவர்கள் பெருச்சாளியைக் கேட்கவும்."

தவளை எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

பெருச்சாளி தொண்டையைச் செருமிக்கொண்டது. "சொல்லுங்க டீச்சர், என்ன பிரச்சினை?"