மஞ்சள் கதவு

மஞ்சள் கதவு திறந்ததும் ஜூரானுக்கு ஆட்டம் மறந்துபோகிறது. ஒத்திகையில் அதற்குப் பின்னால் வெறும் பலூன்கள்தான் இருந்தன. இப்போது ஊதா உடையில் நிற்கிறவள் ஹேமின், எட்டு வருடத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்களுடைய பாட்டுக் குழுவைவிட்டுப் போனவள். சியோல் நகரின் அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் அவர்களுடைய புதுப்பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. மேலேயிருந்து கொட்டும் வண்ணக் காகிதத்தில் ஒரு துண்டு ஜூரானின் திறந்த வாயோரம் ஒட்டிக்கொள்கிறது. குழுவின் மற்ற மூவரும் தூக்கிய கையை இறக்காமல் நிற்கிறார்கள். பதினைந்து வருடமாகச் சேர்ந்து ஆடியும் அடுத்த அடி எது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. "அக்கா, நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்க," என்கிறாள் ஹேமின். "நானா?" என்கிறாள் ஜூரான். கேமரா அவள் முகத்தருகே வழுக்கி வருகிறது. "அப்படியே இருங்க, இந்த முகம்தான் வேணும்," என்று இயக்குநர் கிசுகிசுக்கிறார். தன் அதிர்ச்சியைப் படம்பிடிக்கத்தான் ஹேமினைப் பொய் சொல்லி வரவழைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஜூரானுக்கு விளங்குகிறது. உள்ளங்கையால் லென்ஸை அழுத்தி மூடுகிறாள். மறுகையால் ஹேமினின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். அது ஐஸாகக் குளிர்ந்திருக்கிறது. "நான் கூப்பிடலடி," என்கிறாள். "கூப்பிட்டிருக்கணும்."