ஈரத்தில் சுருளும் முடி

ஒன்பதாவது சவுரியையும் தண்ணீர்ச் சொம்பில் முக்கி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் இல்ல பாய்" என்றாள் காளியாயி.

யாகூப்புக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. கொடைக்கானல் பஜாரில் இருபது வருஷமாக வளையலும் ரிப்பனும் சவுரி முடியும் விற்கிறார். சவுரியை நனைத்துப் பார்க்கிற ஆளை இதுவரை கண்டதில்லை. ஏற்கெனவே நனைந்த எட்டும் கடைக்குள் கட்டிய கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. வெளியே மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அது இன்றைக்குக் காய விடாது.

இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. கவுஞ்சியிலிருந்து புருஷன் நல்லசாமி பூண்டு மூட்டைகளோடு சந்தைக்கு வரும்போது அவளும் கூட வருகிறாள். அவர் வியாபாரத்தில் உட்கார்ந்ததும் நைசாக நழுவி இங்கே வந்துவிடுகிறாள்.

சவுரி யாருக்கு என்று முதல் வாரமே யாகூப் கேட்டார். மகளுக்கு என்றாள். பிள்ளையைக் கூட்டி வந்தால் தலையைப் பார்த்துப் பொருத்தமாக எடுத்துத் தரலாமே என்றதற்கு, அவள் ஊரில் இல்லை என்றாள். கல்யாணத்துக்கு வாங்குகிறாள் போல என்று அவராக நினைத்துக்கொண்டார்.

முடி விஷயத்தில் யாகூப்புக்குக் கர்வம் உண்டு. சீசனுக்கு வரும் மதராஸ் அம்மாமார்கள் பெரிய கொண்டை போட அவரிடம்தான் சவுரி எடுப்பார்கள். ஓர் இழையை விரலில் உருட்டிப் பார்த்தே, இது மெல்லிசு, அலச அரப்புத் தூள் போதும், இது முரட்டு முடி, விளக்கெண்ணெய் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்தப் பாடத்தைக் காளியாயிக்கும் ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"நான் தேடுற முடிக்குச் சீயக்கா ஆகாதுங்க. போட்டா வைக்கோலாட்டம் வெறச்சுப் போகும். அரப்புலயும் சோத்துக்கஞ்சி கலக்கணும். வெளக்கெண்ணெ வச்சா நாலு நாளைக்குப் பிசுபிசுன்னு கெடக்கும். நல்லெண்ணெதான் குடிக்கும்."

"எல்லாந் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே ஆத்தா. அப்புறம் எதுக்கு என்னயப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

அவள் கேட்ட சரக்கும் லேசுப்பட்டதில்லை. பாதி முதுகு வரைக்கும் நேராக வர வேண்டும், அதற்குக் கீழே சுருள வேண்டும். நனைந்தால் அந்தச் சுருள் இன்னும் இறுக வேண்டும். நுனி செம்பட்டையாக இருக்க வேண்டும், ஆனால் சாயம் கூடாது. பத்துப் பேர் முடியைக் கலந்து கட்டுகிற சவுரியில் இத்தனையும் எங்கே கிடைக்கும் என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கருகருன்னு கேப்பாங்க. செம்பட்டையத் தேடி வாங்க வந்தது நீங்க ஒருத்திதான்."

காளியாயி தெருவை எட்டிப் பார்த்தாள். "அவரு பூண்டு போட்டு முடிக்கறதுக்குள்ள நான் போயாகணும். இங்க வாரது தெரிஞ்சா இனிமே சந்தைக்கே கூட்டியார மாட்டாரு. வேற இருந்தா வெரசா எடுங்க பாய்."

வேறு கடை பார் தாயே என்று சொல்ல யாகூப் வாயைத் திறந்தார். சொல்லத்தான் மனசு வரவில்லை. இருபது வருஷத்தில் அவர் கடையிலிருந்து சவுரி கிடைக்காமல் திரும்பியவர் யாருமில்லை. மதராஸ் அம்மா ஒருத்தி அடுத்த சீசனுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாளென்று, இரண்டு மாசமாகப் பெட்டிக்குள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொட்டலத்தை வேண்டாவெறுப்பாக எடுத்துப் பிரித்தார்.

"கடைசி இதுதான். இதுவும் புடிக்கலேன்னா என் தலையில இருந்துதான் எடுக்கணும். தொப்பிக்குக் கீழ அங்கயும் ஒண்ணுமில்ல."

அவள் சிரிக்கவில்லை. முடியைச் சொம்பில் முக்கித் தூக்கினாள். மேல்பாதி நேராகத் தொங்கியது. கீழ்பாதி தண்ணீர் சொட்டச் சொட்டச் சுருண்டு ஏறியது. நுனியெல்லாம் செம்பட்டை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முதல் தடவையாக, இல்லை என்று சொல்லவில்லை.

யாகூப்புக்கு அப்பாடா என்றிருந்தது. ஜெயித்த தெம்பில் சரக்கின் பெருமையை அளக்க ஆரம்பித்தார். இது சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்துக் கட்டியதல்ல, ஒரே தலையில் வெட்டியது. பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணாம். மிளகு பறிக்க மரத்தில் ஏறிய புருஷன் தவறி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். பெற்றவர்களிடம் போய்ப் பணம் கேட்கக் கூடாதா என்று விசாரித்தால், வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டவள், அந்த வாசலில் கால் வைக்க முடியாது என்றாள். அவளே பின்னலை அவிழ்த்துவிட்டு இதோ இந்த முக்காலியில் உட்கார்ந்தாள், நான்தான் கத்தரி பிடித்தேன் என்றார்.

"நூறு தலையில ஒண்ணு இப்பிடி அமையும் ஆத்தா. ஒங்க மகளுக்கு அப்பிடியே பொருந்தும். கட்டித் தரட்டுமா?"

காளியாயி முடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் போட்டு, முந்தானையால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி ஈரத்தை எடுத்தாள். நுனியில் விழுந்திருந்த ஒரு சிக்கை விரலாலேயே பிரித்துவிட்டாள்.

"முடியக் கழுத்தோட வெட்டிட்டு நிக்கிறாளாம்னு ஊர்ல வந்து சொன்னாங்க. நான் நம்பல" என்றாள்.

யாகூப்புக்கு விளங்கவில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"வெட்டுறப்ப எம் மக அழுதாளா பாய்?"