காலிக் கட்டிலுக்குக் காற்று

செங்கம் ரோட்டு வாடகை அறையில் நானும் இளவரசனும் இருந்தோம். மூன்றாவது கட்டில் காலி. கேம் ஆடினால் என் லேப்டாப் கொதிக்கும் என்பதால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் வைப்பேன். சற்று அசந்தால் ஃபேன் காலிக் கட்டிலுக்கு வீசும்.

“எதுக்குடா திருப்புற?”

“நான் ஏன்டா தொடப்போறேன்? இன்னொரு தபா கேட்ட, மூஞ்சப் பேத்துடுவேன்” என்றான் இளவரசன்.

அதோடு பேச்சு நின்றது. ஃபேனின் கழுத்தைக் கம்பியால் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கீழ்பென்னாத்தூர் போயிருந்தான். ஆட்டத்தை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். லேப்டாப் திரையில் சூடு தொண்ணூற்றாறு டிகிரி. கம்பி அறுந்து கிடந்தது. ஆத்திரத்தில் ஃபேனை லேப்டாப் பக்கம் வெடுக்கென்று திருப்பினேன்.

காலிக் கட்டிலின் தலையணை நடுவில் அமுங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வியர்வையில் நனைய ஆரம்பித்தது.