தேவதானத்து ஓட்டு

"அத்தை, லிஸ்ட்ல மாமா பேரே இல்லையே!"

வெள்ளத்தாயின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு டங்கென்று விழுந்து வாசல்வரை உருண்டது.

"நல்லாப் பாரு தாயி. தங்கப்பாண்டியன். முப்பது வருசமா தேவதானத்துல கட்சிக்குக் கிளைச் செயலாளர். அவிய பேரு இல்லாம ஒரு லிஸ்ட்டா?"

வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்த அங்கன்வாடி டீச்சர் யோகேஸ்வரி, விரலை வைத்து மறுபடியும் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"உங்க பேரு இருக்கு. அவங்க பேருதான் இல்ல. செத்த இருங்க, போன்ல போட்டுப் பாக்கேன்."

ஓட்டு அட்டை நம்பரை அடித்தாள். திரையைப் பார்த்ததும் அவள் குரல் தாழ்ந்தது.

"எடுக்கல அத்தை, மாத்தியிருக்கு. ராஜபாளையத்துக்கு. உங்க மகன் இருக்காருல்ல, அதே தெரு!"

வெள்ளத்தாய் திரையை எட்டிப் பார்த்தாள்.

மகன் ஜெயபாண்டி ராஜபாளையத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். கடை வைத்தது குற்றமில்லை. அப்பா ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்த கட்சியில் போய்ச் சேர்ந்ததுதான் குற்றம். போன நகராட்சித் தேர்தலில் அவன் கவுன்சிலருக்கு நின்று தோற்ற அன்று, தங்கப்பாண்டியன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அதிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. பேரனுக்கு நாலு வயதாகிறது, தாத்தா இன்னும் தூக்கியதில்லை.

"டவுன்ல மகன் பக்கத்துல போயி இருப்போமே" என்று வெள்ளத்தாய் வாயைத் திறந்தால் போதும்.

"பஞ்சு மார்க்கெட் நெரிசல்லயா? கொடத்தத் தூக்கிக்கிட்டு எப்ப தண்ணி வரும்னு கெடக்குற ஊர்ல மனுசன் இருப்பானா? எம் பொணம் போனாலும் தேவதானத்துலருந்துதான்ட்டி போகும்!" என்பார்.

இப்போது வெள்ளத்தாய்க்கு வேறொன்று உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், காப்பீட்டு அட்டை எடுக்கவேண்டுமென்று ஜெயபாண்டி கேட்க, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவருடைய ஆதார், ஓட்டு அட்டை ஜெராக்ஸ்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்தப் பாவி அதை வைத்து இப்படிப் பண்ணிவிட்டானா?

"யோகேஸ்வரி, இத அவியகிட்ட சொல்லிராத தாயி. பெத்த அப்பன் ஓட்டையே தூக்கிட்டான்னு தெரிஞ்சா, இந்த சென்மத்துக்கும் மகன் மூஞ்சியில முழிக்க மாட்டாவ."

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் தங்கப்பாண்டியன் பைக்கை நிறுத்தினார். பின்னாலேயே கட்சியின் பூத் ஏஜென்ட் சோலைராஜ், கையில் பட்டியல் நகலோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி! உங்க பேரத் தூக்கிட்டானுவ! எல்லாம் அந்தக் கட்சிக்காரனுவ வேலை. நாளைக்குக் காலையில மெயின் ரோட்ல மறியலப் போட்டுருவமா?"

வெள்ளத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தங்கப்பாண்டியன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "மறியல்லாம் வேண்டாம்லே."

"என்ன அண்ணாச்சி! போஸ்டர்ல உங்க பேரச் சின்னதாப் போட்டதுக்கே ரோட்ல உக்காந்த ஆளு நீங்க!"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ போயி ஒரு டீயப் போடு."

சோலைராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வெள்ளத்தாய்க்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த கட்சிக் கொடி காற்றில் கீழே விழுந்தாலே தெருவைக் கூட்டுகிற மனுஷன், இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இப்படி நிற்கிறாரே! உள்ளுக்குள் என்ன கொதிக்கிறதோ? அதற்குமேல் அவளால் தாங்கமுடியவில்லை.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீய! நான்தான் ஜெராக்ஸ் குடுத்தேன். அட்டை எடுக்கணும்னுதான் கேட்டான்..."

"ஜெராக்ஸா? எந்த ஜெராக்ஸு?" அவர் நிஜமாகவே முழித்தார். "நான்லா ஒரிஜினலயே எடுத்துட்டுப் போயி மாத்திட்டு வந்தேன்."

"நீங்களா? எப்ப?"

"போன மாசம் வில்லிபுத்தூர்ல கட்சிக் கூட்டம்னு சொல்லிட்டுப் போனேம்லா, அன்னைக்கு."

யோகேஸ்வரி இடையில் புகுந்தாள். "மாமா, அங்க பேரு இருக்கணும்னா அங்கதான் குடியிருக்கணும். சும்மா மாத்துனா தப்பு."

"தெரியும் தாயி. அந்தத் தெருவுலயே ஒரு வீட்ட வாடகைக்குப் பிடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை சாமான் ஏத்தக் குட்டியானையும் சொல்லியாச்சு. உங்க அத்தை பேரையும் மாத்த என்ன படிவமோ, எடுத்துக் குடு."

வெள்ளத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்ப மகன்கூட ராசியாயிட்டீயளா?"

"அவன்கூட எனக்கு என்ன பேச்சு? எதுத்தாப்புல வந்தாலும் பேச மாட்டேன்."

"பேசவும் மாட்டீய, டவுனும் உங்களுக்கு ஆகாது. பொறவு அந்தத் தெருவுல போயி என்ன செய்யப்போறீய?"

தங்கப்பாண்டியன் வாசலை எட்டிப் பார்த்தார். சோலைராஜ் டீக்கடைப் பக்கம் திரும்பி மறைந்திருந்தான். இருந்தாலும் குரலை இறக்கிக்கொண்டார்.

"போன தடவ நம்ம பய ஒத்த ஓட்டுலதான்ட்டி தோத்தான். இந்தத் தடவையும் நிக்கான். என் ஓட்டு இங்கன கெடந்து என்னத்துக்கு?"